பிள்ளை எதுவரை படிக்கலாம்?

திருகோணமலை நகரில் காலை ஏழு மணிக்குத் தெருவோரம் நிற்பவருக்குப் பள்ளிக்கூடங்களைப் பிரித்தறிவது கடினமில்லை. கழுத்துப்பட்டியைப் பார்த்தால் போதும். சீருடைத் துணி எல்லாருக்கும் ஒன்றுதான், அரசாங்கம் 1993 முதல் இலவசமாகக் கொடுத்துவரும் வெள்ளைத் துணி. சண்முகாவுக்குப் போகும் பெண்பிள்ளைகள், கோணேஸ்வராவுக்குச் சைக்கிளில் விரையும் பையன்கள், ஸாஹிராவுக்குத் தலையை மூடிய வெள்ளை உடுப்பில் போகும் பிள்ளைகள், சிங்களப் பாடசாலை வேனுக்குக் காத்திருப்பவர்கள் என எல்லாரும் ஒரே சந்தியைக் கடந்து வெவ்வேறு வாசல்களுக்குள் நுழைவார்கள். 2012ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் திரியாயிலிருந்து வந்து உப்புவெளிப் பக்கம் வாடகை வீட்டில் குடியிருந்த ஓர் இளம் தாய்க்கு இந்தக் கழுத்துப்பட்டிகள் சீக்கிரமே பழகிவிட்டன. பழகாதது வேறு. அடுத்த ஜனவரியில் தரம் ஒன்றுக்குப் போகவேண்டிய மகளை இவற்றுள் எங்கே சேர்ப்பது? சேர்க்க நினைக்கும் இடத்தில் சேர்த்துக்கொள்வார்களா?

திரியாய், நகரிலிருந்து வடக்கே புல்மோட்டை வீதியில் சுமார் 45 கிலோமீட்டர். நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று கடலை ஒட்டியே போகும் பாதை அது. வயல், காடு, கடல் மூன்றையும் நம்பி வாழ்ந்த ஊர். ஊரவர் கந்தசாமிமலை என்று சொல்லும் குன்றில் கிரிஹண்டு சேய என்ற பழைய பௌத்தத் தலம் இருக்கிறது. அங்கே பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்ட சமஸ்கிருதக் கல்வெட்டு, கடல் கடந்து வந்த வணிகர் இருவரின் பெயரைச் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்தைச் சுமந்து நிற்கும் அந்த ஊரில், ஒரு பிள்ளையை ஒழுங்காக ஒரே பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் படிக்கவைப்பது ஒரு தலைமுறைக்கே முடியாமல் போனது.

அந்தத் தாயின் சொந்தக் கதையே அதற்குச் சாட்சி. 1985 ஜூனில் திரியாயின் வீடுகள் எரிக்கப்பட்டபோது அவர் முதலாம் வகுப்புப் பிள்ளை. தகப்பனார் வாசலில் இருந்த மாட்டை அவிழ்த்துவிட்டதும், தாய் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கப் போய்ப் பாதியில் போட்டுவிட்டு ஓடியதும் அவருக்கு நினைவிருக்கிறது. அந்தப் பெட்டிக்குள்தான் காணி உறுதி இருந்தது என்பது பிற்காலத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. பிறகு நகரத்தில் உறவினர் வீட்டுத் திண்ணையிலிருந்து சில ஆண்டுப் படிப்பு. 1990இல் மறுபடி போர் மூண்டு ஊர் வெறுமையானபோது குடும்பம் வள்ளம் ஏறி இராமேஸ்வரக் கரையில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இன்னொரு முகாமுக்குப் போனது. அங்கே அரசுப் பள்ளியில் அகதிப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைத்தது. மத்தியானம் சத்துணவு கிடைத்தது. அதன்பின் பத்தாம் வகுப்பு வரை அவர் படித்ததெல்லாம் அந்தப் பள்ளிகளில்தான். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்ததன் பின்னர் குடும்பம் திரும்பியது. ஊரில் முன்பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தார். திருமணமானது. கணவருக்கு உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்ததும் நகரத்துக்கு வந்தார்கள்.

தமிழ்நாட்டில் படித்த அனுபவம் அவருக்கு ஒரு பழக்கத்தைத் தந்திருந்தது. அங்கே பெயர்ப்பலகையைப் பார்த்தாலே பள்ளி எந்த வகுப்பு வரை என்று தெரிந்துவிடும். தொடக்கப் பள்ளி என்றால் ஐந்தாம் வகுப்பு, நடுநிலைப் பள்ளி என்றால் எட்டு, உயர்நிலைப் பள்ளி என்றால் பத்து, மேல்நிலைப் பள்ளி என்றால் பன்னிரண்டு. யார் நடத்துவது என்பதும் பெரும்பாலும் பலகையிலேயே இருக்கும்: ஊராட்சி ஒன்றியம், அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, மெட்ரிகுலேஷன். எழுதப் படிக்கத் தெரிந்த எந்தத் தாயும் வாசலில் நின்றே முடிவெடுக்கலாம். திருகோணமலையில் அந்தப் பழக்கம் உதவவில்லை. கல்லூரி, வித்தியாலயம், மகா வித்தியாலயம், மத்திய கல்லூரி என்று பலகைகள் இருந்தன. ஒரு கல்லூரியில் முதலாம் தரமும் இருந்தது. ஒரு மகா வித்தியாலயத்தில் உயர்தரத்தில் விஞ்ஞானம் இருந்தது, இன்னொன்றில் கலைப்பிரிவு மட்டும் இருந்தது. பலகையை நம்பித் தீர்மானிக்க வழியில்லை.

அவருக்கு வழிகாட்டியவர் அடுத்த ஒழுங்கையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். குச்சவெளிப் பக்கத்துப் பள்ளிகளில் நீண்டகாலம் படிப்பித்தவர். திரியாய் ஆள் என்று கேள்விப்பட்டதுமே கதிரையை இழுத்துப் போட்டார்.

"பேரைப் பாராதேங்கோ பிள்ளை. அந்தப் பள்ளிக்கூடம் எந்த வகை எண்டு கேளுங்கோ."

"வகை எண்டா என்ன சேர்?"

"1ஏபியா, 1சியா, ரெண்டா, மூண்டா எண்டு. அதுதான் உங்கட பிள்ளை எதுவரை படிக்கலாம் எண்டதைச் சொல்லும்."

இலங்கையில் அரசாங்கப் பாடசாலைகளை அளப்பது இந்த நான்கு வகையால்தான். மூன்றாம் வகைப் பள்ளி ஆரம்ப வகுப்புகளுக்கானது. ஐந்தாம் தரத்தோடு, சில இடங்களில் எட்டாம் தரத்தோடு நின்றுவிடும். இரண்டாம் வகையில் பதினோராம் தரம், அதாவது சாதாரண தரப் பரீட்சை வரை. 1சி என்றால் உயர்தரம் இருக்கும், ஆனால் கலை, வர்த்தகம் போன்ற பிரிவுகளே. 1ஏபி என்றால் விஞ்ஞானமும் கணிதமும் சேர்ந்து முழு உயர்தரம். நாடு முழுவதும் ஏறக்குறைய 10,000 அரச பாடசாலைகள் இருக்க, அவற்றில் பத்தில் ஒன்று அளவே 1ஏபி. மருத்துவமோ பொறியியலோ படிக்க ஆசைப்படும் பிள்ளை எந்த மூலையில் பிறந்தாலும், கடைசியில் இந்தப் பத்தில் ஒன்றின் வாசலுக்கு வந்தே ஆகவேண்டும். அவை நகரங்களில்தான் நெருங்கிக் கிடக்கின்றன. தெற்கிலும் மலையகத்திலும் இதே நிலைதான், ஆனாலும் ஊரையே இழந்து திரும்பிய கிராமங்களுக்கு இதன் பாரம் இரண்டு மடங்கு.

வகைக்கு அடுத்தபடி யாருடைய பள்ளி என்ற கேள்வி. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை மாகாண சபைகளின் கைக்கு மாறின. ஒரு சிறு பகுதி மட்டும் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் நேரடிப் பொறுப்பில் தேசிய பாடசாலைகளாக இருக்கிறது. இன்றும் அவை 400க்கு உட்பட்டவையே. திருகோணமலையில் கோணேஸ்வரா இந்துக் கல்லூரியும் ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியும் அந்த வரிசையில் உள்ளவை. மற்றப் பள்ளிகளுக்கு ஆசிரியரை அனுப்புவதும் கட்டடத்துக்குக் காசு ஒதுக்குவதும் கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம். அந்த மாகாண நிர்வாகம் இருப்பதும் இதே நகரத்தில்தான். ஒரே சுவரைப் பகிரும் இரண்டு பள்ளிகளில் ஒன்றுக்குக் கூரை உடைந்தால் கொழும்புக்கு எழுதவேண்டும், மற்றதற்கு உள்ளூர் அலுவலகத்தில் படியேறினால் போதும். தேசிய பாடசாலை என்றாலே உயர்ந்தது என்ற எண்ணம் பெற்றோரிடம் ஆழப் பதிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் நிர்வாகம் யாருடையது என்பதைத்தான் சொல்கிறது. வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதை அது சொல்வதில்லை. மாகாணப் பள்ளியில் நல்ல ஆசிரியர் இருப்பதும் தேசிய பாடசாலையில் ஒரு பாடத்துக்கு ஆள் இல்லாமல் வருடம் ஓடுவதும் எங்கும் நடப்பவை.

அவருக்கு இருந்த பெரிய பயம் காசு. தமிழ்நாட்டில் ஆங்கிலப் பெயருடைய கிறிஸ்தவப் பள்ளி என்றால் சம்பளம் கட்டவேண்டியிருக்கும் என்று பார்த்தவர். அதனால் புனித சூசையப்பர், புனித மரியாள், மெதடிஸ்த மகளிர் கல்லூரி ஆகியவற்றின் பக்கமே போகக்கூடாது என்று நினைத்திருந்தார். ஆசிரியர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. பழைய கதையைச் சொன்னார்.

இந்த நகரத்தின் பெரிய பள்ளிகள் எல்லாமே ஒரு காலத்தில் ஒரு சமயத்தின் பெயரால் யாரோ கட்டியவை. 1814இல் இலங்கையில் கால்வைத்த மெதடிஸ்த மிஷனரிமார் இங்கும் பள்ளிகளைத் தொடங்கினார்கள். கத்தோலிக்கர் புனித சூசையப்பர் கல்லூரியை 1867இல் தொடங்கினார்கள். பின்னாளில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த யேசு சபைக் குருமார் கிழக்கிலங்கையின் கத்தோலிக்கப் பள்ளிகளில் படிப்பித்தார்கள், கூடைப்பந்தும் பழக்கினார்கள். மதம் மாறாமல் ஆங்கிலமும் கணக்கும் படிக்கவேண்டும் என்ற தவிப்பில் இந்துக்கள் எழுந்தது 19ஆம் நூற்றாண்டின் முடிவில். இன்றைய கோணேஸ்வராவின் தொடக்கம் 1897. இந்துப் பெண்பிள்ளைகளுக்கென்று தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் 1923இல் ஆரம்பித்த பள்ளிதான் இன்றைய சண்முகா. 1925இல் இராமகிருஷ்ண மிஷன் நகரின் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்றது. மிஷனின் பள்ளிகளைக் கவனிக்கக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் வந்தார். அந்தக் கல்லூரியின் அதிபராகவும் இருந்தார். மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் எழுப்பியவரும், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியரானவரும் அவரே. அப்படிப்பட்ட ஒருவர் நேரசூசி எழுதி, பிள்ளைகளின் வரவைப் பார்த்த இடம் இது என்பது திருகோணமலைப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கப்படவேண்டிய செய்தி. உவர்மலையில் விவேகானந்தர் பெயரிலும், நகரில் விபுலானந்தர் பெயரிலும் கல்லூரிகள் இருப்பது அந்த மிஷன் காலத்தின் தொடர்ச்சி.

பிறகு இரண்டு பெரிய மாற்றங்கள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி முதலாவது. 1960, 1961 சட்டங்களால் அரசாங்கம் உதவிபெறும் பள்ளிகளைத் தன் கையில் எடுத்தது இரண்டாவது. சபைகளும் சங்கங்களும் கட்டிய பள்ளிகள் பெயரை வைத்துக்கொண்டு அரசாங்கப் பள்ளிகளாயின. தனியே நிற்கிறோம் என்று சொன்ன சில பள்ளிகள் மட்டும் விலகி நின்றன. தமிழ்நாட்டில் அரசு உதவி பெறும் பள்ளி என்ற நடு வகை இன்னும் உயிரோடு இருக்கிறது: நிர்வாகம் ஒரு சபையுடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. இலங்கையில் அந்த வகை ஏறக்குறைய அழிந்துவிட்டது. அதனால் திருகோணமலையில் சிலுவை வைத்த வாசலுக்குள்ளும் பிள்ளைக்குப் பாடநூல் இலவசம், சீருடை இலவசம், சம்பளம் என்று ஒன்றும் இல்லை. சிறு வசதிக் கட்டணமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் சந்தாவும் உண்டு. சேர்க்கையின்போது நன்கொடை கேட்கக்கூடாது என்று அமைச்சின் சுற்றறிக்கையே சொல்கிறது. ஆயினும் ஏதோ ஒரு வாசலில் "மேசை கதிரை வாங்க உதவி செய்யுங்கோவன்" என்ற குரலை அவர் கேட்கத்தான் செய்தார். கேட்டவரை அவர் ஏசவில்லை. அந்த வகுப்பில் மேசை கதிரை உண்மையாகவே இல்லை.

காசு கட்டிப் படிக்கும் வகை வேறாக இருக்கிறது. ஐந்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிய தனியார் பள்ளி திறக்க 1961 சட்டம் இடம் தரவில்லை. அதனால் பிறகு வந்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்துகொண்டன. அவற்றைக் கல்வி அமைச்சு நேரடியாகக் கண்காணிப்பதில்லை. ஆங்கில மொழிமூலம், மாதச் சம்பளம், அதிகமானோருக்கு இலண்டன் பரீட்சை. ஹோட்டல் தொழிலாளியின் சம்பளத்தில் அந்தப் பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

எஞ்சியது மொழியும் சமயமும். தமிழ்மொழிப் பள்ளிகள், சிங்களமொழிப் பள்ளிகள் என்று நாடு முழுவதும் பிரிந்திருப்பது போலவே இங்கும். தமிழ்மொழிக்குள் முஸ்லிம் பாடசாலைகள் தனியாக இயங்குகின்றன. அவற்றின் விடுமுறை நாட்காட்டியே நோன்பு மாதத்தை ஒட்டி அமைந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பெருந்தொகையாக வாழும் மாவட்டம் திருகோணமலை. சந்தையில் மூன்று மொழியும் கலந்து பேசப்படும். பிள்ளைகள் மட்டும் காலை ஏழரைக்கு வெவ்வேறு மதில்களுக்குள் போய்விடுகிறார்கள். அந்தத் தாய்க்கு இது உறுத்தியது. முகாம்காலப் பள்ளியில் அவருடைய வாங்கில் பக்கத்தில் இருந்தது ஒரு தமிழ்நாட்டு முஸ்லிம் பிள்ளை. அந்த நட்பைப் போல ஒன்று தன் மகளுக்கு இந்த நகரத்தில் எப்படி வாய்க்கும் என்று கேட்டார். ஆசிரியரிடம் அதற்கு மறுமொழி இருக்கவில்லை. கட்டுரைக்காரரிடமும் இல்லை. இந்தப் பிரிவு இந்த நகரத்தின் பெரிய குறை என்று மட்டும் சொல்லலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் உண்மையான மலை தெரிந்தது. தரம் ஒன்றுக்கான அப்போதைய சுற்றறிக்கை.

ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியாகவேண்டும். இடங்களில் பாதி, பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கு. கால்பங்கு பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. 15 வீதம் அங்கே படிக்கும் பிள்ளையின் சகோதரருக்கு. மிச்சம் கல்வித் துறை ஊழியர், இடமாற்றம் பெற்ற அரச ஊழியர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் ஆகியோருக்கு. இது நியாயமான பங்கீடு போலத் தோன்றும். ஆனால் அருகில் வசிப்பதை எப்படி நிறுவுவது? ஐந்து வருட வாக்காளர் இடாப்பு, காணி உறுதி அல்லது பதிந்த குத்தகை, மின்சாரப் பட்டியல் போன்ற கூடுதல் சான்றுகள். வீட்டுக்கும் விரும்பிய பள்ளிக்கும் இடையில் அதே வகுப்புள்ள வேறு பள்ளி இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும்.

திரியாய்க் குடும்பத்துக்கு என்ன இருந்தது? வாக்கு திரியாயில். காணி உறுதி 1985இல் சாம்பலாகியது; அதுவும் திரியாய்க் காணிக்கு. உப்புவெளி வீட்டுக்கு வாய்ப்பேச்சு வாடகை. தாயும் தகப்பனும் விரும்பிய பள்ளியின் பழைய மாணவர் அல்லர்; தாய் பெரும்பாலும் படித்தது கடலுக்கு அப்பால், அந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவி என்ற தகுதி இங்கே ஒரு புள்ளியும் தராது. வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் என்ற வகைக்கும் வருடங்கள் கடந்துவிட்டன. இடம்பெயர்ந்தவரின் வாழ்க்கையை இந்தப் படிவம் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரே வீட்டில் தலைமுறையாக இருக்க முடிந்த குடும்பத்தை அடையாளம் காணவே அது எழுதப்பட்டிருக்கிறது. போர் முடிந்த மாவட்டத்தில் அப்படிப்பட்ட குடும்பம் எத்தனை?

ஆனாலும் எழுதினார். கிராம உத்தியோகத்தரிடம் கையெழுத்து வாங்கி, போட்டோகொப்பி எடுத்து, பதிவுத் தபாலில் அதிபர்களுக்கு அனுப்பினார். பெரிய பள்ளி ஒன்றில் நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தார்கள். கடதாசிகளை எடுத்து வைத்தபோது மேசைக்கு அப்பால் இருந்தவர் நல்ல முறையில்தான் பேசினார். "தங்கச்சி, உங்களுக்குப் புள்ளி காணாது. குறை நினையாதேங்கோ." தற்காலிகப் பெயர்ப்பட்டியல் வந்தபோது மகளின் பெயர் இருக்கவில்லை. மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். எந்த ஆதாரத்தோடு என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

மகள் சேர்ந்தது வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒரு சிறிய மாகாணப் பள்ளியில். கலவன் பள்ளி. அக்கம்பக்கத்தார் சற்றுத் தாழ்வாகப் பேசும் பள்ளி. முதல் தவணை முடியுமுன் அந்தத் தாயின் கலக்கம் தீர்ந்துவிட்டது. வகுப்பில் பிள்ளைகள் குறைவு. ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் அறிந்தவர். மழைக்காலத்தில் பிள்ளை வராவிட்டால் மத்தியானமே யாரிடமாவது சொல்லியனுப்பி விசாரிப்பார். நகரின் பெரிய பள்ளிகளில் தரம் ஒன்றுக்கு நெரிசல் பிடிக்கும் பெற்றோர் இதை ஒருநாள் வந்து பார்க்கவேண்டும். ஆரம்ப வகுப்புக்கு ஒரு பிள்ளைக்குத் தேவை நல்ல ஆசிரியையும் நடந்து போகும் தூரமும். அந்த வயதில் 1ஏபி என்ற முத்திரையால் ஆவது ஒன்றுமில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்ற இரண்டாவது வாசலும் இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகளை மத்திய பாடசாலைகளுக்கு எடுக்கக் கன்னங்கரா காலத்தில் உருவான வழி அது. இன்று பத்து வயதுப் பிள்ளைகளை ரியூசன் வகுப்புகளில் வாட்டும் பரீட்சையாக அது மாறியிருந்தாலும், வாக்காளர் இடாப்பையும் காணி உறுதியையும் கேட்காமல் பெரிய பள்ளியின் கதவைத் திறக்கும் முக்கிய வழி அது. மகள் 2017இல் அதை எழுதி, ஆறாம் தரத்துக்கு நகரின் ஒரு மகளிர் கல்லூரிக்குப் போனாள்.

உயர்தரத்தின் கதை அப்படி அல்ல. அதை அந்த வீடு தெரிந்துகொண்டது அண்ணன் மகன் வழியாக. திரியாயிலேயே இருந்த அண்ணனின் பையன் சாதாரண தரத்தில் கணக்கிலும் விஞ்ஞானத்திலும் நன்றாகச் செய்திருந்தான். கணிதப்பிரிவு படிக்க ஆசை. கடற்கரைக் கிராமங்களில் இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பது அந்தப் பக்கத்துப் பெற்றோர் எல்லாருக்கும் தெரியும். நியமனம் வரும், வந்தவர் இடமாற்றம் கேட்பார், பிறகு மறுபடி வெற்றிடம். மாமி வீட்டில் வந்து நின்று படிப்பது என்று முடிவானது. அதற்கு முன் சில வாரம் ஊரிலிருந்தே வந்துபோய்ப் பார்த்தான். சீசன் டிக்கெட் இருந்ததால் பஸ் காசு பெரிதாக இல்லை, ஆனால் விடியுமுன் எழும்பி, 45 கிலோமீட்டர் வந்து, பின்னேரம் ரியூசனும் முடித்துத் திரும்பினால் படிக்க நேரம் எங்கே? "மாமி, புத்தகத்தைத் திறந்தாலே நித்திரை வருது" என்றான். அடுத்த கிழமையே பாயும் தலையணையும் உப்புவெளிக்கு வந்தன.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்புங்கள், அங்கே ரியூசன் நல்லது என்று சொன்ன உறவினரும் இருந்தார்கள். அப்போதும் ஓய்வுபெற்ற ஆசிரியர்தான் நிறுத்தினார். பெரும்பாலான கற்கைநெறிகளுக்குப் பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று. பிள்ளை எந்த மாவட்டத்துக்கு உரியவன் என்பதைக் கடைசி வருடங்களில் அவன் படித்த பள்ளிக்கூடம் தீர்மானிக்கும். பொதுவாகத் திருகோணமலையின் வெட்டுப்புள்ளி யாழ்ப்பாணத்தினதை விடக் குறைவாகவே வரும். மாவட்டத்தை விட்டுப் போகும் பிள்ளை தனக்கிருந்த சிறு சலுகையையும் கைவிட்டுப் போகிறான். இதை அறியாமல் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பிய பெற்றோர் பலர். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் வந்திருந்தது. அது எந்தப் பள்ளியில் இருக்கிறது, ஆய்வுகூடம் இயங்குகிறதா, ஆசிரியர் இருக்கிறாரா என்று மூன்றையும் விசாரித்த பிறகு பையன் கணிதத்தை விட்டுப் பொறியியல் தொழில்நுட்பத்தைத் தெரிந்தெடுத்தான். அந்தத் தெரிவு சரியானதாகவே அமைந்தது.

பையன் நகரத்துக்கு வந்ததன் பின் அவனுடைய தங்கையும் வந்தாள். பிறகு அண்ணியும் வந்தார். அண்ணன் வயலுக்காக மட்டும் ஊரில் நின்றார். திரியாயில் அண்ணன் இருந்த ஒழுங்கையில் இப்படி ஒவ்வொரு வீடாகக் கல்விக்காகப் பூட்டப்பட்டது. பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கு ஆசிரியர் ஒதுக்கீடு குறையும். ஆசிரியர் குறைந்தால் மிச்சப் பிள்ளைகளும் போவார்கள். 1985இலும் 1990இலும் ஊர் ஒரேநாளில் காலியானது. இப்போது தவணைக்குத் தவணை காலியாகிறது. துவக்குச் சத்தம் இல்லாததால் இதை யாரும் இடப்பெயர்வு என்று கணக்கெடுப்பதில்லை.

இதற்கு வெளிநாட்டிலிருக்கும் ஊர்ச் சங்கங்கள் கட்டிக்கொடுக்கும் மண்டபமோ கணினி அறையோ மருந்தாகாது. அவை நல்ல மனத்தோடு செய்யப்படுபவை. ஆனால் பௌதிகவியல் ஆசிரியரை நியமிக்க அதிகாரமுள்ளது மாகாணம் ஒன்றுக்கே. நிலாவெளிக்கும் புல்மோட்டைக்கும் இடையிலான கரையோரத்தில் ஒரு பள்ளியையாவது உண்மையான 1ஏபி பள்ளியாக நிறுத்தி, விஞ்ஞான ஆசிரியர்களுக்கு அங்கேயே விடுதியும் கஷ்டப் பிரதேசப் படியும் கொடுத்து, ஐந்து வருடம் அசையாமல் வைத்திருந்தால் திரியாய்ப் பிள்ளை மாமி வீட்டுக்குப் பாய் கட்டவேண்டியதில்லை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் கரை அது. இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே ஆய்வுகூடத்தில் படிக்கலாம். கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் இதைச் செய்யவேண்டும். செய்யும்வரை ஒவ்வொரு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் பெற்றோர் இதைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

நகரத்துக்கு வந்துவிட்ட, வரப்போகிற குடும்பங்களுக்கு அந்தத் தாய் இப்போது சொல்லும் வார்த்தைகள் சில உண்டு. பிள்ளைக்கு ஒரு வயதாகும்போதே இருக்கும் இடத்தில் வாக்காளர் பதிவைச் செய்யுங்கள். ஒவ்வொரு வருடமும் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வாடகை வீடென்றால் குத்தகையைப் பதியுங்கள். பள்ளியின் பெயரைக் கேட்கும்போதே அதன் வகையையும், உயர்தரத்தில் எந்தெந்தப் பாடத்துக்கு இன்று ஆசிரியர் இருக்கிறார் என்பதையும் வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். அவர்கள் சொல்லவேண்டிய தகவல் அது. அருகிலுள்ள சிறிய பள்ளியை ஒருநாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டே வேண்டாம் என்று சொல்லுங்கள்.